மணி அடிக்கலையே

பாப்பா கடவுளுக்குக் காய் விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. சின்னப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு பேச்சை முறித்துக்கொள்வார்களே, அதே காய்தான். பதினெட்டு வயதுப் பெண்ணுக்குக் காய் விட வேறு ஆளா கிடைக்கவில்லை என்று கேட்பீர்கள். அவள் பக்கம் நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆடுகிற பெஞ்சு ஒன்றில் மூன்று நாள் உட்கார்ந்து, "எங்கப்பாவ மட்டும் விட்டுடு, வாழ்க்கைல இனிமே எதுவும் கேக்க மாட்டேன்" என்று கெஞ்சியிருந்தாள். நான்காம் நாள் காலையில் அப்பா போய்விட்டார். கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் செய்யாதவரோடு என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்று அன்றைக்கு முறித்துக்கொண்டதுதான்.

அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஸ்கூல் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கார், அதன் தலையில் ஒரு மஞ்சள் பலகை, வீட்டு முன்னறையில் ஒரு மேசை, அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள், அதனால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். நடு ரோட்டில் நெஞ்சுவலி வந்தபோதுகூட இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் சாய்ந்தார். "இவ்வளவு நேர்த்தியா நிறுத்திட்டு மயங்கி விழுந்த மனுஷன நான் பாத்ததே இல்ல" என்று ஆம்புலன்ஸ்காரர் சொன்னார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி மெச்சிக்கொண்டார்கள். பாப்பாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எது முதலில் போவது என்று தெரியாமல் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

மாஸ்டருடைய காரில் இரண்டு பிரேக். ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்காரும் மாஸ்டர் காலடியில் ஒன்று. இரண்டையும் ஒரே கம்பி இணைக்கும். எதை மிதித்தாலும் மற்றதும் கூடவே அமுங்கும். மாஸ்டர் பக்கத்து மிதியின் மேல் மட்டும் ஒரு பொத்தான் உண்டு. அதில் கால் பட்டால் "கீ...ங்" என்று மணி அலறும். கற்றுக்கொள்பவர் நிறுத்தினாரா, மாஸ்டர் நிறுத்தினாரா என்று தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி ஒரு சட்டம். முதல் நாள் வருகிற எல்லோருக்கும் மாஸ்டர் அதை ஒருமுறை மிதித்து அலறவைத்துக் காட்டுவார். அதற்குப் பிறகு அந்த மணி அடித்து யாரும் கேட்டதில்லை.

பாப்பாவும் கேட்டதில்லை. அவள் ஓட்டும்போது நாய் குறுக்கே வரும், சைக்கிள் வரும், கார் ஜம்மென்று நிற்கும். "அய்யோ, நீங்கதானேப்பா பிரேக் போட்டீங்க?" என்று அவள் மூச்சு வாங்கக் கேட்பாள். அப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். "நானா? மணி அடிக்கலையே!" அந்த மூன்று வார்த்தைக்கு அவள் தலை பெருமையில் கார்க் கூரையை இடிக்கும். என் பெண்ணுக்குக் காலில் கண் இருக்கிறது என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

காலில் கண் இருந்த அந்தப் பெண், அப்பா போன பிறகு லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டாள். முதல் தடவை நிறுத்தக் கோட்டைத் தாண்டிப்போய் நின்றாள். இரண்டாம் தடவை நிற்கவே இல்லை, பிளாஸ்டிக் கம்பம் ஒன்றைச் சாய்த்துவிட்டு அதன் மேல் நின்றாள். "மாஸ்டர் பொண்ணேவா ஃபெயிலு?" என்று தெருவே கேட்டது. கேட்டவர்களில் மூன்று பேர் மாஸ்டரிடம் இலவசமாகக் கற்றுக்கொண்டவர்கள். வெட்கம்கெட்டதுகள்!

மூன்றாவது தடவையும் தேறாவிட்டால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அம்மாவுக்கு ஒரு வருஷம் பொறுமை இல்லை. அவள் ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் வேலை பார்ப்பவள். ஷிப்ட் முடிந்து வந்தால் வாசலில் நிற்கிற காரை ஏறெடுத்துப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போவாள்.

"பாப்பா, இந்தத் தடவ தேறலேன்னா வண்டியக் குடுத்துடலாம். ஒருத்தர் ரெண்டு தடவ வந்து கேட்டுட்டாரு."

"அப்பா வண்டிம்மா அது."

"அதான் சொல்றேன். ஓட்டுனா இருக்கட்டும். சும்மா நின்னா என்னால பாக்க முடியல."

கோபத்தில் சொல்லியிருந்தால் பாப்பா பதிலுக்குக் கத்தியிருப்பாள். அம்மா சாதாரணமாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. வண்டி போனால் அப்பா இரண்டாம் தடவை போன மாதிரி.

பழகுவதற்கு லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அம்மாவிடம் லைசென்ஸ் இல்லை. அப்போதுதான் துணைக்கு என்று வந்திருந்த அத்தை, "என்கிட்ட இருக்குதே!" என்றாள்.

அத்தை அப்பாவின் அக்கா. நல்ல உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய பக்தி. தண்ணீர் குடித்தால் கடவுளே, தும்மினால் கடவுளே, பல்லிடுக்கில் ஏதாவது மாட்டினாலும் கடவுளைத்தான் கூப்பிடுவாள். தம்பியிடம் முதன்முதலில் கற்றுக்கொண்ட மாணவி அவள்தான். இருபத்தாறு வருஷம் முன்னால் ஒரே தடவையில் தேறியவள். லைசென்ஸைத் தவறாமல் புதுப்பித்துப் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். ஆனால் வாங்கியதிலிருந்து அவள் ஓட்டி ஒருவரும் பார்த்ததில்லை.

அத்தைக்கு வந்த இடத்தில் கால் வீங்கிக்கொண்டது. அவள் செருப்பு ஏறவில்லை. வீட்டில் தேடி, அப்பாவுடைய கறுப்பு ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டாள். தைத்து வைத்ததுபோல் பொருந்திவிட்டது.

"அத்தை, அது அப்பாவோடது!"

"எனக்குத் தெரியாதாடி? எங்க வீட்ல எல்லாருக்கும் ஒரே கால். சின்ன வயசுல அவன் என்னோடதப் போட்டுட்டு ஓடுவான். இப்ப நான் போட்டுக்கறேன்."

பாப்பாவுக்கு அதைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் பரீட்சைக்கு மூன்று வாரமே இருந்தது, ஷூவுக்காக ஆளை விட முடியாது. சாவியை எடுத்தாள்.

முதல் நாளே தெரிந்துவிட்டது, அத்தை ஒன்றும் சொல்லித்தரப் போவதில்லை. பெல்ட்டை மாட்டியதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கைப்பையை மாரோடு அணைத்துக்கொண்டாள். "கடவுளே, கடவுளே, பச்சப்புள்ள ஓட்டுது கடவுளே" என்று ஆரம்பித்தவள் வீடு திரும்பும்வரை நிறுத்தவில்லை. எதிரில் லாரியின் சத்தம் கேட்டால் குரல் ஏறும், போனதும் இறங்கும். ரேடியோ போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது. சந்துமுனையில் இரண்டு பேர் ஒரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு திடீரென்று குறுக்கே வந்தார்கள். பாப்பாவின் கால் ஆக்சிலேட்டரை விட்டு எழவே இல்லை. அத்தை "கடவுளேஏஏ!" என்று வீறிட்டாள். கார் மெத்தைக்கு ஒரு முழம் முன்னால் குலுங்கி நின்று அணைந்துபோனது.

பாப்பா தன் காலைக் குனிந்து பார்த்தாள். அது இன்னும் ஆக்சிலேட்டர் மேல்தான் இருந்தது. மணி அடிக்கவில்லை. அவள் நிறுத்தவில்லை, மணி அடிக்காததால் அத்தையும் நிறுத்தவில்லை. அப்புறம் யார்?

"பாத்தியா?" அத்தை கண்ணைத் திறந்து மூக்கை உறிஞ்சினாள். "கடவுள் நிறுத்துனாருடி!"

"கடவுளா? அவருக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்?" என்றாள் பாப்பா. ஆனாலும் உள்கண்ணாடியில் காலியான பின்சீட்டைப் பார்த்தாள். "அத்தை... அப்பா."

அடுத்த வாரத்தில் இன்னும் இரண்டு தடவை அப்படி ஆனது. ஒரு தடவை பூனை, ஒரு தடவை எதிரே ரிவர்ஸில் வந்துகொண்டே இருந்த தண்ணீர் லாரி. அதன்பின் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இதே வழக்குதான். அத்தை கடவுள் என்பாள், பாப்பா அப்பா என்பாள். "சரி, ரெண்டு பேரும் சேந்து நிறுத்துனாங்கன்னு வச்சுக்கடி" என்று கடைசியில் அத்தை ராசிக்கு வந்தாள். அம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பரீட்சையில பாஸாகறதுக்கு ரெண்டு பேர்ல யாரு வருவாங்கன்னு கேட்டு வச்சுக்குங்க" என்றாள்.

பாப்பா சும்மா நம்பிவிடுகிற பெண் இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை நம்பிக் கெட்டவள். அம்மாவின் கவுன்டரிலிருந்து காலி மருந்துப் பெட்டிகளை வாங்கிவந்து, பழகும் மைதானத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கினாள். பிறகு காரை எடுத்துக்கொண்டு நேராக அதை நோக்கிப் போனாள். பிரேக்கில் காலே வைக்கவில்லை. "அப்பா, நீங்க இருந்தா நிறுத்துங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பக்கத்தில் அத்தையின் கடவுளே உச்சத்துக்குப் போனது. பெட்டிகளுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது.

பாப்பா ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஏழு மாதத்தில் அவள் சந்தோஷத்தில் அழுதது அன்றைக்குத்தான். அப்பா எங்கேயும் போகவில்லை. பக்கத்திலேயே இருக்கிறார், நிறுத்துகிறார். இனிமேல் பரீட்சையாவது மண்ணாவது என்று இருந்தது அவளுக்கு.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால், டிரைவிங் ஸ்கூல் வண்டிக்கு வருஷா வருஷம் வாங்க வேண்டிய சான்று நினைவுக்கு வந்தது. மணி வேலை செய்கிறது என்று மெக்கானிக் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பாவின் பழைய மெக்கானிக்கிடமே வண்டியைக் கொண்டுபோனாள். அவர் கதவைத் திறந்து, பக்கத்து மிதியைக் கையால் அழுத்திப் பார்த்தார். சத்தமில்லை.

"ஆஃப்ல இருக்கு" என்றார் சர்வசாதாரணமாக. சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். டிக் என்று ஒரு சத்தம். மறுபடி அழுத்தினார். "கீ...ங்!"

பாப்பா குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தாள். "என்ன சுவிட்ச் அது?"

"தெரியாதாம்மா? நான்தான் மாட்டிக் குடுத்தேன், இருபது வருஷம் இருக்கும். மொத நாள் மட்டும் மணி அடிச்சுக் காட்டிட்டு மாஸ்டர் அணைச்சுடுவாரு. அப்புறம் அவரு பாட்டுக்கு நைசா பிரேக் போட்டுக்குவாரு. ஓட்டறவங்க தாங்களே நிறுத்துனதா நெனச்சுக்குவாங்க. மணி அடிச்சா பயந்துடறாங்கய்யா, பயந்தவங்களுக்கு எதுவும் வராதுன்னு சொல்லுவாரு." மெக்கானிக் சிரித்துக்கொண்டே சான்றில் கையெழுத்துப் போட்டார். "மகா கில்லாடி உங்கப்பா."

வெளியே காத்திருந்த அத்தை காருக்குள் ஏறினாள், வழக்கம்போல் கண்ணை மூடினாள். பாப்பா சுவிட்ச் விஷயத்தைச் சொல்லாமல் வண்டியை எடுத்தாள். முதல் திருப்பத்தில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது.

"கடவுளே!" "கீ...ங்!"

அடுத்து ஒரு பஸ். "கடவுளேஏ!" "கீ...ங்!" மீன்கடைக்கு முன்னால் ஒரு கூட்டம். "கடவுளே, கடவுளே!" "கீங்! கீ...ங்!" கடைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கார் விக்கல் எடுத்த மாதிரி நின்று நின்று போனது. பாப்பா ஓரங்கட்டினாள்.

"என்னடி சனியன் இது, இப்படிக் கத்துது?"

"உங்க கால் அத்தை. மணிய அப்பா சுவிட்ச் வச்சு அணைச்சிருந்தாரு, மெக்கானிக் இப்பத்தான் போட்டுவிட்டாரு."

அத்தை குனிந்து பார்த்தாள். அப்பாவின் கறுப்பு ஷூ மிதியின் மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. யாரோ அடுத்த வீட்டுக்காரருடைய காலைப் பார்ப்பதுபோல் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அய்யய்யோ. சத்தியமா எனக்குத் தெரியாதுடி. பயத்துல கால ஊனிக்குவேன், அவ்வளவுதான். அப்ப... மெத்த? பூன?"

"எல்லாம் நீங்கதான்."

"கடவுள் இல்லையா?"

"அப்பாவும் இல்ல."

ஒரே காரில், ஒரே நேரத்தில், இரண்டு பேருக்கும் சாமி போய்விட்டது. அப்புறம் பாப்பா வெடித்தாள். "அப்ப என்கிட்டயும் பொய்தானா? மணி அடிக்கலையே, மணி அடிக்கலையேன்னு! அத்தனையும் அவரு காலு! நான் ஒரு தடவகூட நிறுத்தலையா அத்தை? எனக்கு ஒண்ணுமே தெரியாதா?" கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. "பொய் சொல்லிட்டு, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாரு!"

அத்தை கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்கவில்லை. சேலைத் தலைப்பாலேயே மருமகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நான் ஏன் ஓட்டறதில்லன்னு கேட்டிருக்கியா? லைசென்ஸ் வாங்குன மறுநாள் தனியாப் போனேன். எதிர்வீட்டுக் கேட்டுல கொண்டுபோய் விட்டேன். அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது, பழகுனப்பல்லாம் நிறுத்துனது அவன்தான்னு. அப்பல்லாம் சுவிட்ச் கெடையாது, மணி ஒயரையே புடுங்கி வச்சிருந்தான். மானம் போச்சு. அதோட சாவியத் தொடல. அவன் வந்து கால்ல விழாத கொறையா அழுதான். அக்கா, நீ கொஞ்சம் அவசரப்பட்டுட்ட, இன்னும் பத்து நாள் பழகியிருந்தா உன் கால் முந்தியிருக்கும்னான்."

"முந்தறதுன்னா?"

"ரெண்டு மிதியும் ஒரே கம்பிதானே? இவன் மிதிக்கப் போறதுக்குள்ள ஓட்டறவங்க மிதிச்சுட்டா, இவன் காலுக்குக் கீழ அது தானா எறங்கிடும். அதுக்குத்தான் அவன் காத்துக்கிட்டு இருப்பான். ஒவ்வொருத்தருக்கும்." அத்தை மூக்கை உறிஞ்சினாள். "சாகறதுக்கு முந்தின வாரம் எனக்கு போன் பண்ணான். அக்கா, இன்னைக்கு நாலு தடவ பாப்பா முந்திக்கிட்டா, என் காலு சும்மா போயிட்டுச் சும்மா வந்துச்சுன்னு சிரிச்சான் பாரு. அப்படி ஒரு சிரிப்பு."

பாப்பா நிமிர்ந்தாள். "எந்த நாலு?"

"அத எங்கடி சொன்னான்? சிரிச்சுக்கிட்டே வச்சுட்டான்."

அந்தக் கடைசி வாரத்தில் எத்தனையோ தடவை கார் நின்றது. நாய், பால்காரர், சிவப்பு விளக்கு, குடையோடு ஒரு கிழவர். அதில் எந்த நான்கு தன்னுடையது என்று பாப்பா வீடுவரை யோசித்துப் பார்த்தாள். எல்லாமே அப்பா நிறுத்தியதுபோலவும் இருந்தது, எல்லாமே தான் நிறுத்தியதுபோலவும் இருந்தது. அத்தை மட்டும் வாசலில் இறங்கும்போது பழைய தெம்புக்கு வந்துவிட்டாள். "சரிடி, என் காலுதான். ஆனா என் காலக் கொண்டுவந்து அங்க வச்சது யாரு? ஷூ யாரோடது? அதச் சொல்லு!"

பரீட்சை அதிகாரி ஒல்லியான மனிதர். பேச்சுக்கு வரி கட்டுகிறவர்போல் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். ஏறியதும் மிதியைத் தட்டினார். "கீ...ங்." தலையாட்டினார். இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "போங்க."

பாப்பாவுக்குப் பக்கத்தில் அன்று அப்பா இல்லை, அத்தை இல்லை, அத்தையின் கடவுளே இல்லை. அவ்வளவு அமைதியான காரில் அவள் ஓட்டியதே இல்லை. நிறுத்தக் கோட்டில் நின்றாள். கம்பங்களுக்கு நடுவே சுற்றி வந்தாள். தெருவுக்குள் திரும்பினாள். நின்றிருந்த வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள், ஒரு முழுக் கதவைத் தலையில் சுமந்துகொண்டு, இரண்டு பக்கமும் பார்க்காமல் நேராக ரோட்டுக்கு வந்தான்.

கண் இமைக்கிற நேரம் பாப்பா காத்திருந்தாள். யாராவது நிறுத்துவார்கள் என்று பழகிப்போன உடம்பு காத்திருந்தது. ஒருவரும் நிறுத்தவில்லை. அவள் கால் போனது.

கார் நின்றது. கதவுக்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். பாப்பா காதைத் தீட்டிக்கொண்டாள். மணி அடிக்கவில்லை. அதிகாரியின் கால்கள் சீட்டுக்கு அடியில் வைத்த இடத்திலேயே இருந்தன. பக்கத்து மிதி மட்டும், மேலே காலே இல்லாமல், தானாக அமுங்கிக் கிடந்தது.

பாப்பாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இதற்கு முன்னால் நான்கு தடவை அந்த மிதி இப்படித்தான் இறங்கியிருக்கும், அப்பா காலுக்குக் கீழே.

"அழுதா மார்க் கெடையாது" என்றார் அதிகாரி. கொஞ்சம் யோசித்து, "கொறைக்கவும் மாட்டேன். போங்க" என்றார்.

தேறிவிட்டாள். கவுன்டருக்கு போன் போட்டு அம்மாவிடம் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்கிற குரல் கேட்டது. "வண்டி வேணும்னு கேட்டவருகிட்ட இல்லன்னு சொல்லிடறேன்" என்றாள் அம்மா கடைசியில். "சாயங்காலம் என்னக் கூப்பிட வா. முன்னாடி சீட்டுலயே உக்காந்துக்கறேன்."

மரத்தடியில் அத்தை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டு அவள் போட்ட கடவுளேயில் பரீட்சைக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். பாப்பா சாவியை நீட்டினாள்.

"இந்தாங்க அத்தை. வீட்டுக்கு நீங்க ஓட்டுங்க."

"எனக்கென்ன பைத்தியமா? இருபத்தாறு வருஷம் ஆச்சுடி!"

"அந்தப் பத்து நாள் பாக்கிய முடிச்சுடலாம். ஏறுங்க. கண்ண மட்டும் தெறந்து வச்சுக்கங்க."

அத்தை புலம்பிக்கொண்டே ஏறி, சீட்டைப் பின்னால் தள்ளி, கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி ரோட்டுக்குத் திருப்பினாள். அந்தக் கலவரத்தில் பாப்பா பெல்ட்டைத் தேடுவதுபோல் குனிந்தாள். சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். டிக். 'சரி, அரைப் பழம்' என்று மனசுக்குள் சொன்னாள், ஏழு மாதமாகப் பேசாதவரிடம். 'மீதிய அப்புறம் பாப்போம்.'

கார் கிளம்பியது. அத்தை கண்ணை முழித்து முழித்துப் பார்த்தபடி ஓட்டினாள். நான்காவது தெருவில் ஒரு பெண் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்தாள். "கடவுளேஏ!" கார் ஜம்மென்று நின்றது.

அத்தை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உறைந்திருந்தாள். மெல்லத் திரும்பினாள். "பாப்பா... நீதானேடி போட்ட?"

பாப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"நானா? மணி அடிக்கலையே அத்தை!"